மாலை ஆறு மணிக்கு விடுதலை

எண்பதுகளின் தொடக்கத்தில், எங்கள் ஊரான களமருதூரிலிருந்து போராட்டத்துக்குக் கிளம்புகிற நாளில் என் தோளில் ஒரு ஜோல்னாப் பை தொங்கும். அதற்குள் ஒரு துண்டு, ஒரு மாற்று வேட்டி, பல்பொடிப் பொட்டலம், படித்தே தீருவேன் என்று நானே நம்பிய ஒரு கனத்த புத்தகம் எல்லாம் இருக்கும். பிடித்துக் கடலூர் சிறைக்குக் கொண்டுபோய்விட்டால் வேண்டியிருக்குமே! காந்தியும் நேருவும் சிறையில்தான் நிறையப் படித்தார்கள், எழுதினார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். என் பங்குக்கு நானும் ஏதாவது எழுதாமலா போய்விடுவேன் என்றொரு நினைப்பு. வாசற்படி தாண்டும்போது அம்மா முகத்தில் வீரத்தாயின் களை ஏதும் தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன். அவர் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாயை எடுத்து நீட்டி, "சாயந்தரம் வரப்போ பச்சமொளகாயும் கொஞ்சம் கருவாடும் வாங்கியாந்துடுப்பா" என்பார். அரசாங்கத்தைக் கிடுகிடுக்க வைக்கப் போகிற மகன் ஆறு மணிக்கு விடுதலையாகிக் கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்திலேயே வீடு வந்து சேர்வான் என்பது அம்மாவுக்குத் தெரியும். உளுந்தூர்ப்பேட்டை போலீசுக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருந்திருக்கும், கொடி வேறாக இருந்திருக்கலாம். பரண்மேல் தேடிப் பாருங்கள்.

எங்கள் போராட்டம் பெரும்பாலும் கரும்புப் பணத்துக்காகத்தான். வெட்டு உத்தரவுக்குக் காத்திருந்து, ஆள் பிடித்து வெட்டி, டயர் வண்டியில் ஏற்றி, ஆலை வாசலில் இரவும் பகலும் வரிசையில் கிடந்து, எடை போட்டுச் சீட்டு வாங்கி வந்தால், அந்தச் சீட்டு பணமாவதற்குள் கட்டைக் கரும்பு முழங்கால் உயரம் துளிர்த்துவிடும். 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்று ஒன்று உண்டு. கரும்பை இறக்கிய 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அந்த ஆணையைக் கையில் பிடித்தபடி எந்த ஆலையின் வாசலிலும் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்று நாங்கள் பார்த்ததில்லை. அதே பணத்தைக் கேட்டு நாங்கள் சாலையில் 14 நிமிடம் உட்கார்ந்துவிட்டால் போதும், சட்டவிரோதமாகக் கூடியதற்கு 143, வழிமறித்ததற்கு 341, உத்தரவை மீறியதற்கு 188 என்று இந்திய தண்டனைச் சட்டம் முழுதும் மூச்சிரைக்க ஓடி வந்து நிற்கும். இப்போது அந்த எண்களெல்லாம் மாறிப் புதிய சட்டம் வந்துவிட்டது. ஓடி வருகிற வேகம் மட்டும் மாறவில்லை.

போராட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்கு ஒரு விருந்தாளி வருவார். தனிப்பிரிவு ஏட்டையா. சாதாரண உடையில், யாருக்கும் தெரியாமல், கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்து தகவல் சேகரிப்பது அவர் பணி; அவர் சைக்கிள் ஊர் எல்லையில் தென்படும்போதே டீக்கடைக்காரர் "சர்க்கரை கம்மியா ஒண்ணு" என்று அவருக்கான டீயை ஆற்ற ஆரம்பித்துவிடுவார். பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டும் மூடி தொலைந்த பேனாவும் எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"எத்தினி பேரு தம்பி வருவாங்க?"

"ஐந்நூறு பேருக்குக் குறையாது ஏட்டையா."

"போன தடவையும் இதான் சொன்ன. நான் புளியமரத்தடியில நின்னு எண்ணினேன், நூறு தலை இல்ல."

"இந்தத் தடவை முந்நூறுன்னாவது போடுங்க."

"நூத்தம்பதுன்னு போடறேன். முந்நூறுன்னு எழுதினா வெளியூர்லேருந்து வேன் வரும், டி.எஸ்.பி. வருவாரு, அப்புறம் நீயும் பேச முடியாது நானும் பேச முடியாது. சொல்றதைக் கேளு."

இந்தப் பேரத்தில் எனக்கு இருந்த மானப் பிரச்சினை கொஞ்ச நஞ்சமில்லை. புரட்சியை நூற்றைம்பது என்று அரசாங்கக் குறிப்பில் சுருக்குகிறாரே என்று இரண்டாவது டீயை வாங்கிக் கொடுக்காமல் எழுந்துவிடுவேன். ஆனால் அந்த டீக்கடை பெஞ்சில்தான் எல்லாம் முடிவாகும்: எந்த இடத்தில் உட்காருவது, எவ்வளவு நேரம், எந்தப் பேருந்து போன பிறகு மறியல், கைது என்றதும் முதலில் யார் எழுந்து வண்டியில் ஏறுவது. மருந்து வாங்கப் போகிற வண்டியையும் கல்யாண வண்டியையும் விட்டுவிட வேண்டும் என்று அவர் சொல்வார். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதியிருக்கிற பையன் எவனாவது கூட்டத்தில் இருந்தால் அவன் பெயரைப் பட்டியலில் எழுதக்கூடாது என்று நாங்கள் சொல்வோம். "அதெல்லாம் எனக்குத் தெரியாதா, அவனைப் பின்னால நிக்கச் சொல்லு" என்பார். இதெல்லாம் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கிடையாது. எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. சொன்ன சொல்லை நாங்களும் அவரும் ஏறக்குறையக் காப்பாற்றினோம், அவ்வளவுதான்.

மறியல் என்பது அந்த நாளில் எவ்வளவு சுகமான காரியம் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இரண்டு பக்கமும் புளியமரம், நடுவில் ஒன்றரை லாரி போகிற அகலத்துக்குச் சாலை. நான்கு பேர் படுத்தால் சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவில் தொடர்பு அறுந்துபோகும். பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். முதல் ஐந்து நிமிடம் கண்டக்டர் திட்டுவார், அடுத்த ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து "எந்த ஆலை? இன்னுமா குடுக்கலை? எங்க மாமனாருக்கும் வரணும்" என்பார், அதற்குள் வெள்ளரிப்பிஞ்சும் வேர்க்கடலையும் விற்கிறவர்கள் எங்கிருந்தோ முளைத்து, ஜன்னல் ஜன்னலாகப் போய் வருவார்கள். நான் நடுச்சாலையில் நின்று, தொண்டை நரம்பு புடைக்க, "வழங்கு! வழங்கு!" என்று இழுக்க, கூட்டம் "நிலுவைத் தொகையை வழங்கு!" என்று முடிக்க, அந்த முழக்கம் புளியமரத்துக் காக்கைகளை எழுப்பிக்கொண்டு போய் எங்கோ தேய்கிறபோது, தலைமைச் செயலகத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்திருக்கும் என்று மனப்பூர்வமாக நம்பினேன்.

இப்போது அங்கே நான்குவழிச் சாலை. நடுவில் தடுப்புச் சுவர், அரளிச் செடி, உளுந்தூர்ப்பேட்டையைத் தொடாமலே ஓடுகிற புறவழிப் பாதை, கொஞ்ச தூரத்தில் செங்குறிச்சியில் சுங்கச்சாவடி. புளியமரங்களைத் தேடினால் இருக்காது. சாலையில் உட்கார வேண்டுமென்று ஆசைப்பட்டால் சர்வீஸ் ரோட்டில்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மேலே வண்டிகள் சர்ரென்று போய்க்கொண்டே இருக்கும், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மனிதனுக்கு இருக்கிற சிறிய சந்தோஷங்களில் அடுத்தவர்களைச் சற்று நேரம் நிறுத்திவைத்து நம் கதையைக் கேட்க வைப்பதும் ஒன்று. அந்தச் சந்தோஷத்தை நெடுஞ்சாலைத் துறை டெண்டர் விட்டுப் பெயர்த்து எடுத்துவிட்டது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: இப்போது எந்தக் கூட்டத்திலும் 108 வண்டியின் சத்தம் கேட்டுவிட்டால், கொடி பிடித்தவனும் லத்தி பிடித்தவனும் ஒன்றாகச் சேர்ந்து கையை வீசி வழி ஒதுக்குகிறார்கள். எங்கள் காலத்தில் நிறுத்திவைத்த பேருந்துக்குள் யார் வயிற்று வலியோடு உட்கார்ந்திருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு கைது. அதற்கென்று ஒரு வேன் வரும், போதாவிட்டால் டவுன் பஸ் ஒன்றைப் பிடிப்பார்கள். கொண்டுபோய் இறக்குவது ஏதாவதொரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருக்கும். 'மணமகன் அறை' என்று எழுதிய அறைக்குள் எங்கள் தலைவர்களும், 'மணமகள் அறை'யில் மகளிரணியும் இருப்பார்கள். ரைட்டர் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கார்பன் தாள் வைத்து, பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் என்று எழுதிக்கொண்டே வருவார். பாதி எழுதும்போது பேனா மை தீர்ந்துவிடும். என் பேனாவைத்தான் வாங்குவார். என் பேனாவாலேயே என் மீது வழக்கு எழுதப்பட்டதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் உண்டு. மதியம் அண்டாவில் சாம்பார் சாதம் வரும், மாங்காய் ஊறுகாயோடு. அந்தச் சாதத்துக்கு இணையாக நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை. சாப்பிட்ட பிறகு மேடை காலியாக இருக்கிறதே என்று ஏறிப் பேச ஆரம்பிப்பேன். வெளியே போகவும் முடியாத, தூங்கவும் கூசுகிற சபை வேறு எங்கே கிடைக்கும்? ருஷ்யா, சீனா, கியூபா என்று நான் சுற்றி வருவதற்குள், காவலுக்கு நின்ற இளம் கான்ஸ்டபிள் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்திருப்பார். அவர் வீட்டிலும் கரும்பு போட்டிருந்தார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

சோறு என்றதும் வேதாரண்யம் நினைவுக்கு வருகிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து உப்பு எடுக்க நடந்து போனார்களே, அவர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். சனங்கள் உத்தரவை மீறாமல் மீறினார்கள். வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். போராட்டக்காரனுக்குச் சோறு போட்டவனைப் பிடித்த போலீஸ், ஐம்பது ஆண்டு கழித்துப் போராட்டக்காரனைப் பிடித்துத் தானே சோறு போட்டது என்றால், சுதந்திரத்தால் என்ன கண்டோம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் அந்தக் காலம் முழுக்கச் சாம்பார் வாசனையாக இருந்தது என்று நினைத்துவிடுவீர்கள். எங்கள் ஊர் அப்போது இருந்த அதே தென்னார்க்காடு மாவட்டத்தில்தான், 1987 செப்டம்பர் 17 முதல் 23 வரை, இடஒதுக்கீடு கேட்டு வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வார சாலை மறியல் நடந்தது. அந்த வாரம் டீக்கடை பெஞ்சுக்கு ஏட்டையா வரவில்லை. வெளியூர்ப் போலீஸ் வந்தது. அவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெயரே வாயில் நுழையாது. மரங்கள் வெட்டிச் சாலையில் சாய்க்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கி வெடித்தது. அந்தப் போராட்டத்தில் உயிரிழந்தவர்கள் என்று 21 பேரைச் சொல்கிறார்கள். 1989-இல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனி ஒதுக்கீடு கொடுத்தது. 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் அந்த 21 பேருக்கு மணிமண்டபம் திறந்ததும் அரசாங்கம்தான். சுட்டதும் அரசு, கொடுத்ததும் அரசு, மாலை போடுவதும் அரசு. அன்று மரம் வெட்டியவர்களை நாடே வைதது. எஞ்சிய புளியமரங்களைப் பிற்பாடு நான்குவழிச் சாலைக்காக இயந்திரம் வைத்து வெட்டியபோது வைய ஒருவரும் வரவில்லை. அதற்கு முறைப்படி அனுமதி இருந்ததல்லவா?

அனுமதி என்ற இந்தச் சமாசாரம்தான் எங்கள் தலைமுறைக்குச் சரியாகப் பழகவில்லை. முன்பு கலெக்டரைப் பார்த்து மனு கொடுக்கக் கடலூர் போக வேண்டும், ஒரு பகல் போய்விடும். 1993-இல் விழுப்புரம் மாவட்டமானது. பாதித் தூரம் குறைந்தது. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டமே வந்துவிட்டது. ஆட்சியர் அலுவலகம் எங்களை நோக்கி இப்படி நகர்ந்து நகர்ந்து வந்துகொண்டிருக்க, அதன் வாசலில் நின்று கத்துகிற உரிமை மட்டும் ஒவ்வொரு படியாகத் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் அனுமதியில்லாமல் கூடக் கூடாது, மாவட்டத்தில் போலீஸ் சட்டம் 30(2) அமலில் இருக்கிறது என்று பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தி வரும்; அடுத்த சில நாளில் அது முடிந்து இன்னொரு பெட்டிச் செய்தி வரும். அந்தப் போலீஸ் சட்டத்தின் வயது உங்களுக்குத் தெரியுமா? 1861. சிப்பாய்க் கலகம் வெடித்து நான்கு ஆண்டு கழித்து, இனி இந்தச் சனங்கள் கூட்டமாகச் சேர்ந்தால் என்ன செய்வது என்று யோசித்து வெள்ளைக்காரன் எழுதியது. அவன் போய்விட்டான், யோசனையை வைத்துவிட்டுப் போனான்.

ஆயுதமின்றி அமைதியாகக் கூட அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உரிமை கொடுக்கிறது. பொது ஒழுங்குக்காக நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. நியாயம் எவ்வளவு என்பதுதான் ஐம்பது ஆண்டாக நடக்கிற வழக்கு. 1972-இல் அகமதாபாத்திலிருந்து போன ஹிம்மத்லால் ஷா வழக்கில், தெருவில் கூட்டமே கூடாதென்று போலீஸ் மொத்தமாகக் கதவைச் சாத்த முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2020 அக்டோபரில் டெல்லி ஷாஹீன் பாக் வழக்கில், பொது வழியைக் காலவரையின்றி அடைத்துக்கொண்டு உட்கார முடியாது, குறித்துக் கொடுத்த இடத்தில்தான் போராட வேண்டும் என்றது அதே நீதிமன்றம். அதே ஆண்டு ஜூலையில் ஐ.நா. மனித உரிமைக் குழு, போக்குவரத்து தடைபட்டது என்பதாலேயே ஒரு கூட்டத்தை வன்முறைக் கூட்டமென்று சொல்ல முடியாது என்று எழுதி வைத்தது. மூன்றையும் பிழிந்து எடுத்தால் எங்களுக்குக் கிடைத்தது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு காலி இடம், காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை, குழாய் ஒலிபெருக்கி கூடாது, உருவ பொம்மை கூடாது.

உருவ பொம்மை போனது எனக்கு இன்னும் ஆறவில்லை. வைக்கோல் திணித்து, அப்பாவின் பழைய சட்டையை மாட்டி, பானைத் தலையில் மீசை வரைந்து, அதை யாருக்கும் தெரியாமல் சாக்கில் சுற்றி எடுத்துப் போவோம். எங்களுக்கு முன்பாகவே அங்கே ஒரு கான்ஸ்டபிள் தண்ணீர் வாளியோடு நிற்பார். நாங்கள் தீக்குச்சி உரச, அவர் பாய, பொம்மையின் ஒரு கையை நாங்களும் ஒரு காலை அவரும் இழுக்க, கடைசியில் எரிந்தும் எரியாமலும், நனைந்தும் நனையாமலும், அமைச்சரோ ஆலை அதிகாரியோ யாராக இருந்தாலும் அலங்கோலமாக நடுத்தெருவில் கிடப்பார். இரு தரப்பும் வெற்றி பெற்றதாக வீடு திரும்புவோம். இப்போது அதையெல்லாம் செல்போனில் முகத்தை மாற்றி ஒட்டி அரை நிமிடத்தில் செய்துவிடுகிறார்கள். சட்டையும் மிச்சம், தண்ணீரும் மிச்சம்.

ஒரு குறுக்குக் கதை. எங்களுக்கு மேற்கே தெரிகிற கல்வராயன் மலையில், நாடு சுதந்திரமடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டு வரைக்கும் ஜாகீர்தார்கள்தான் வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1976-இல்தான் அரசாங்கம் மலையை முழுதாகத் தன் நிர்வாகத்துக்குள் எடுத்தது. அதாவது, கீழே சமவெளியில் நெருக்கடி நிலை என்று சொல்லி நான்கு பேர் கூடிப் பேசவே பயந்துகொண்டிருந்த ஆண்டில், மேலே மலைக்காரர்களுக்கு ஜாகீர்தாரிடமிருந்து விடுதலை கிடைத்தது. சரித்திரத்துக்கு எங்கள் பக்கத்தில் மட்டும் ஏனோ இந்தக் குசும்பு.

என் தங்கை மகன் வேறு வகைப் போராட்டக்காரன். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடினார்களே, அதில் முதல் நாளே போய் உட்கார்ந்தவன். எங்களைப் போல் பை எடுத்துப் போகவில்லை. செல்போன் சார்ஜர் எடுத்துப் போனான். "மாமா, எங்களுக்குத் தலைவரே கிடையாது" என்று தொலைபேசியில் பெருமையாகச் சொன்னான். அத்தனை ஆயிரம் பேர் கூடியும் குப்பையை அவர்களே பொறுக்கினார்கள், போக்குவரத்தை அவர்களே ஒழுங்குபடுத்தினார்கள்; போலீஸ்காரர்கள் சிரித்துப் பேசினார்கள்; நானும் டி.வி. முன்னால் உட்கார்ந்து, நாங்கள் முப்பது ஆண்டு கத்திக் கிடைக்காததை இவர்கள் செல்போன் வெளிச்சத்தைக் காட்டியே வாங்கிவிட்டார்களே என்று பெருமூச்சு விட்டேன். அவசரச் சட்டமும் வந்தது. ஆனால் 23-ஆம் தேதி காலை, வெற்றி பெற்றுவிட்டோம், கலைந்து போகலாம் என்று அந்தக் கூட்டத்துக்குச் சொல்ல ஒருவர் வேண்டுமே! போலீசுக்குப் பேச ஆள் இல்லை. கூட்டத்துக்குக் கேட்க ஆள் இல்லை. அன்று பகலில் நடந்த தடியடியும், ஐஸ் ஹவுஸ் காவல் நிலையத் தீயும், எரிந்து போன நடுக்குப்பம் மீன் சந்தையும் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு மெரினாவில் போராட்டமென்றால் மணலில் உட்காரவே விடுவதில்லை. 2018-இல் விவசாயிகள் தலைவர் அய்யாக்கண்ணு உண்ணாவிரதம் இருக்க இடம் கேட்டு உயர் நீதிமன்றம் போய், ஒரு நீதிபதி ஒரு நாளுக்குச் சரி என்று சொன்னதையும் பிறகு இரு நீதிபதி அமர்வு இல்லையென்று ஆக்கிவிட்டது.

எங்கள் மாவட்டத்துக்கும் அப்படியொரு நாள் வந்தது. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் கனியாமூரில், 2022 ஜூலை 13 அன்று, தனியார் பள்ளி விடுதியில் பிளஸ் டூ மாணவி ஒருவர் இறந்துபோனார். நான்கு நாள் பெற்றோரும் உறவினர்களும் நியாயம் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதில் கூச்சல் இருந்தது, கண்ணீர் இருந்தது, கல் இல்லை. ஜூலை 17, ஞாயிற்றுக்கிழமை. வாட்ஸ்அப்பில் சேதி பார்த்து எங்கெங்கிருந்தோ வந்த இளவட்டங்கள் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். பள்ளிப் பேருந்துகள் எரிந்தன, போலீஸ் வண்டி எரிந்தது, போலீஸ்காரர்கள் பலருக்கு மண்டை உடைந்தது, பிள்ளைகளின் சான்றிதழ்கள் கருகின. பெஞ்சையும் மின்விசிறியையும் தலையில் தூக்கிக்கொண்டு சாவதானமாக நடந்து போனவர்களைத் தமிழ்நாடே டி.வி.யில் பார்த்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களின் போராட்டம் அந்த ஒரு பகலில் அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது. 144 போட்டார்கள், நூற்றுக்கணக்கில் கைது செய்தார்கள், கலெக்டரையும் எஸ்.பி.யையும் மாற்றினார்கள்.

அந்தச் சமயத்தில் ஊடகங்கள் பெரிதாகப் பேசாத ஒரு சின்னக் காட்சிதான் எனக்கு இன்றும் சிரிப்பும் துக்கமுமாக வருகிறது. ட்ரோன் விட்டு, கேமராப் பதிவைச் சேகரித்து, செல்போன் டவரைத் துழாவிக்கொண்டிருந்த அதே போலீஸ், தூக்கிப் போன சாமான்களைத் திரும்பக் கொண்டுவந்து வையுங்கள் என்று சுற்றுக் கிராமங்களில் தண்டோரா போட்டது. சனங்களும் இருட்டியதும் கொண்டுவந்து சாலையோரம் வைத்துவிட்டுப் போனார்கள். எத்தனை கேமரா வந்தும் கடைசியில் வேலை செய்தது தெருவில் வந்து நேராகப் பேசிய ஒரு குரல். அடுத்த மாதமே, தண்டோரா போடுகிற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று தலைமைச் செயலாளர் இறையன்பு ஆட்சியர்களுக்கு எழுதினார். அது நியாயமான உத்தரவு; ஒரு மனிதரைத் தெருத்தெருவாகப் பறையடிக்க வைத்த காலம் போக வேண்டியதுதான். இருந்தாலும் முதலில் தண்டோரா, அடுத்த மாதம் தடை என்ற அந்த வரிசையைப் பார்த்தீர்களா?

கனியாமூரில் உளவுத் துறை கோட்டை விட்டது என்று எழுதினார்கள். எங்கள் ஏட்டையா அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பெற்றோர் பக்கம் ஐந்து பேரிடம் பேசியிருப்பார், டீக் குடித்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை எத்தனை தலை வரும் என்று கேட்டிருப்பார். ஆனால் வாட்ஸ்அப் குழுவுக்கு எந்த டீக்கடை? அதில் இருக்கிறவனுக்குத் தகப்பனார் பெயர் என்ன, எந்த ஊர்? அவரும் திணறித்தான் போயிருப்பார். கூட்டத்துக்கு முகம் இல்லாமல் போனது ஒரு பாதி என்றால், முகத்தோடு வருகிறவர்களைக் காவல்துறை விரட்டிக்கொண்டே இருந்தது இன்னொரு பாதி. பெயர் போட்டு, கையெழுத்துப் போட்டு, நூறு பேர் வருவோம், பன்னிரண்டு மணிக்குக் கலைவோம் என்று மனு கொடுக்கிறவனுக்கு, சட்டம் ஒழுங்கு பாதிக்கும் என்று ஒற்றை வரியில் மறுப்பு வருகிறது. மனுவே கொடுக்காமல் வருகிறவனுக்கு மறுக்க என்ன இருக்கிறது? பொறுப்பேற்கிறவனை ஒதுக்கிக்கொண்டே போனால், மிச்சம் இருப்பது பொறுப்பில்லாத கூட்டம்தான்.

தூத்துக்குடியிலும் இதைத்தான் பார்த்தோம். ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி நூறு நாள் உட்கார்ந்து கேட்டவர்களோடு உட்கார்ந்து பேச ஆள் இல்லாமல், முந்தின நாள் தடையுத்தரவு போட்டு, 2018 மே 22 அன்று துப்பாக்கியைப் பேசவிட்டார்கள். 13 பேர் செத்தார்கள். ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள், அவசியமில்லாமல் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் பிறகு எழுதியது. சுடுவதற்கு முன் எச்சரிக்க வேண்டும், கலைய அவகாசம் தர வேண்டும், கண்ணீர்ப்புகை, தடியடி என்று படிப்படியாகத்தான் போக வேண்டும் என்ற விதியெல்லாம் போலீஸ் நிலை ஆணையில் அன்றும் இருந்தது. எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் மூச்சு முட்டி மாண்ட பிறகு, எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு ஏட்டு நோட்டோடு வந்து கேட்பதைத் தொந்தரவு என்று யாரும் சொல்ல முடியாது. நூற்றைம்பதா முந்நூறா என்று அன்று நான் முறைத்துக்கொண்டு எழுந்துபோன அந்தக் கணக்கு, உயிர்க் கணக்கு.

இப்போதும் ஆர்ப்பாட்டத்துக்குப் போகிறேன். முழங்கால் வலிப்பதால் பின் வரிசையில் நாற்காலி. பத்தரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றேகாலுக்கு, செய்தியாளர்கள் கேமராவை மடக்கியதும், கூட்டமும் மடங்கிவிடுகிறது. முழக்கம் போடுகிற பையன் செல்போனைப் பார்த்துப் படிக்கிறான். குரல் நன்றாக இருக்கிறது, மூச்சுதான் போதவில்லை. எதிரே நிற்கிற பெண் சப்-இன்ஸ்பெக்டர் தோளில் கேமரா மாட்டியிருக்கிறார். எங்களை ஒருமையில் அழைப்பதில்லை, "ஐயா, வெயில்ல நிக்காதீங்க" என்கிறார். எங்கள் காலத்து இன்ஸ்பெக்டர்கள் என்னை அழைத்த விதத்தை இங்கே அச்சில் எழுத முடியாது. இந்த மரியாதைக்காகச் சாம்பார் சாதத்தைத் தாராளமாக விட்டுக்கொடுப்பேன். பேசுவதற்கு ஏட்டையாவை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும்.

ஆகையால், நாளைக்கு உங்கள் ஊரில் குடிதண்ணீருக்கோ கரும்புப் பணத்துக்கோ கூட வேண்டியிருந்தால், பெயரும் கையெழுத்தும் போட்டு முன்கூட்டியே மனுக் கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மறுத்தால் வாய்மொழியாக வாங்கிக்கொண்டு வராதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உயர் நீதிமன்றம் போனால் வக்கீல் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.